எல்லா அறைக்கும் உறவுக்காரன்

பல்கலைக்கழக விடுதி திறக்கிற வாரத்தில், பெட்டியும் வாளியுமாக வந்து இறங்கும் புதுமுகங்களுக்கு நடுவே ஓர் அபூர்வப் பிறவியும் வந்து இறங்கும். அபூர்வமா? இல்லை, மாடிக்கு இரண்டு தேறும்.

அதை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் எதைச் சொன்னாலும் அதற்கும் அதுவேதான். உங்களுக்குக் கணக்கு வராதா? "எனக்கும்தான்." உங்களைக் கொசு கடித்ததா? "என்னையும்தான்." உங்களுக்கு மழை பிடிக்கும் என்றால் அது மழையிலேயே பிறந்ததாகச் சொல்லும், மழை என்றால் எரிச்சல் என்று பக்கத்து அறைக்காரர் முனகினால், அங்கே போய் நின்று வானத்தைத் திட்டும். இதை ஒவ்வொரு கோஷ்டியும் செல்லமாக "நம்மாளு" என்று அழைக்கும். நாமும் நம்மாள் என்றே வைத்துக்கொள்வோம்.

நமக்குக் கிடைத்த நம்மாள், இரண்டாம் மாடியில் ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தவன். பிறவிப் பொய்யன் அல்ல. வீட்டுக்கு ஒரே பிள்ளை; பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல அவசியமே இல்லாமல் வளர்ந்தவன். முதல் நாள் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டை நிரப்பிக்கொண்டு திரும்பினான் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது வினை. எந்த மேசையைப் பார்த்தாலும் கருவிலேயே பழகியவர்கள் போல ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கே உட்காருவது? ஏதோ அவசர வேலையாகப் போகிறவன் போலக் கூடத்தின் கடைசி வரை நடந்தான். அங்கே கை கழுவும் தொட்டிதான் இருந்தது. கழுவிய கையையே இன்னொரு முறை கழுவினான். திரும்பி வரும் வழியில் ஒரு மேசையில் யாரோ, "நேத்து அந்த கோல்கீப்பர் தூங்கிட்டே நின்னான்டா" என்று புலம்பியது காதில் விழுந்தது.

"நானும் கோல்கீப்பர்தான்" என்றது அவன் வாய். அவனைக் கேட்காமலே சொன்னது.

ஒரு நாற்காலி நகர்ந்தது. "அட, வா மச்சான், உக்காரு!"

அவ்வளவுதான். ருசி கண்டுவிட்டான்.

அந்த மேசையின் தலைவனுக்குக் 'கேப்டன்' என்று பெயர். சாயங்காலம் மைதானத்துக்குக் கூப்பிட்டபோது, நம்மாள் முழங்கால் தழும்பைக் காட்டி, ஆட்டத்தில் அடிபட்டதாகப் பெருமூச்சு விட்டான். சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. "யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்று கேப்டன் கேட்க, "என் தாய்மாமா பெரிய கோச்" என்றான்.

மறுநாள் மூன்றாம் மாடியில் 'டைரக்டர்' கோஷ்டி. உலகத்துச் சினிமாவெல்லாம் இவர்களைக் கேட்டுவிட்டுத்தான் வெளிவரும். பந்தாட்டம் மூளை இல்லாதவர்கள் வேலை என்பது அவர்கள் கட்சி. நம்மாள் பிறந்ததிலிருந்து பந்தையே தொட்டதில்லை என்று அங்கே தெரியவந்தது. தாய்மாமா தியேட்டரில் ஆபரேட்டராம். நம்மாள் தொட்டிலில் கிடந்ததே புரொஜக்டர் அறையிலாம்.

அடுத்தது 'கீரைக் கட்சி'. மெஸ்ஸில் காய்கறிக்குத் தனி அடுப்பு வேண்டும் என்று போராடுகிற பத்துப் பேர். அங்கே நம்மாள் முட்டையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பரம்பரை. தாய்மாமாவோ உலகத்தையே வெறுத்து மலையேறிப் போய்விட்டார்.

இத்தனை பேருக்கும் உறவாக இருப்பது லேசா என்ன? காலையில் அவித்த பீன்ஸ். மத்தியானம் கேப்டன் தட்டிலிருந்து கோழிக்கால். சாயங்காலம், புரியாத படத்துக்குப் புரிந்த முகம். எந்த மாமாவை எங்கே வைத்தோம் என்று படிக்கட்டு ஏறும்போதே ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும். பாடம் படிக்க மண்டையில் இடமே மிச்சமில்லை. ஆனாலும் கூடத்துக்குள் நுழைந்தால் மூன்று மேசையிலிருந்து கை அசைகிறதே! அதற்காக இன்னும் நாலு மாமாவைப் பெறலாம்.

அறையில் அவனோடு இருந்த ஒருவனிடம் மட்டும் நம்மாள் எந்தப் பொய்யும் சொன்னதில்லை. மரியாதையால் அல்ல. அவன் எந்தக் கோஷ்டியிலும் இல்லை, பொய் வீண்தானே? சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அவனுக்கு மாடியில் 'மௌனசாமி' என்று பெயர்.

இப்படி இருக்கையில் மெஸ் பிரதிநிதித் தேர்தல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வார்டன் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெயர் சொல்லச் சொன்னார். கேப்டன் எழுந்து நம்மாளைச் சொன்னான். டைரக்டரும் நம்மாளையே சொன்னான். கீரைக் கட்சித் தலைவரும் நம்மாள்தான் என்றார். வார்டன் பூரித்துப்போனார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒத்துமையைப் பார்த்ததே இல்ல. அப்படி என்னப்பா இந்தப் பையன்கிட்ட?"

"விளையாட்டுக்காரன் சார். மாமா கோச்" என்றான் கேப்டன்.

"கோச்சா? தியேட்டர் ஆபரேட்டர் சார்" என்றான் டைரக்டர்.

"அவர் சாமியாராப் போயி ரொம்ப நாளாச்சே!" என்றார் கீரைத் தலைவர். "இவனும் அசைவத்தைக் கையால தொட மாட்டான் சார்."

"தொட மாட்டானா? நேத்து என் தட்டுலேர்ந்து கோழிக்காலை எடுத்துக் கடிச்சானே!"

வார்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஏம்ப்பா, உனக்கு மொத்தம் எத்தனை தாய்மாமா?"

எந்த மாமாவைச் சொன்னாலும் இரண்டு மேசை போய்விடும். "ஒருத்தரும் இல்ல சார்" என்றான் நம்மாள். "அம்மா வீட்டுக்கு ஒரே பொண்ணு."

சிரிப்பு கூரையில் மோதித் திரும்பியது. அன்றிலிருந்து அவன் போகிற இடமெல்லாம் "மாமா சௌக்கியமா?" என்ற விசாரிப்பு. எந்த மேசையிலும் நாற்காலி நகரவில்லை. இரண்டு நாள் பிஸ்கட்டும் தண்ணீருமாக அறையிலேயே கிடந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் மௌனசாமி பெட்டியில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"எங்க போற?"

"வீட்டுக்கு. இனிமே வரமாட்டேன்."

"ஏன்டா?"

"யாரையும் தெரியல. தட்டைத் தூக்கிக்கிட்டு நடுவுல நிக்கிறப்ப அழுகையா வருது."

"எனக்கும்தான்."

மௌனசாமி நிமிர்ந்தான். "போதும்டா. இதுலயுமா?"

"இல்லடா, நிஜமாவே—"

"மூணு மேசையில உனக்கு இடம் போட்டு வச்சிருந்தாங்க. உனக்கு அழுகையா?"

வந்ததிலிருந்து யாரும் கேட்காமல் நம்மாள் தானாகச் சொன்ன முதல் உண்மை இதுதான், வாங்கத்தான் ஆளில்லை. "சத்தியமா சொல்றேன்டா" என்று தன் தலையில் கை வைத்தான். "எங்க மாமா மேல ஆணை!"

வாய்ப் பழக்கம்.

மௌனசாமி முறைத்தான். உதடு துடித்தது. பிறகு, அத்தனை நாளும் ஒரு வார்த்தை வராத அந்தத் தொண்டையிலிருந்து சிரிப்பு பீறிட்டுக் கிளம்பியது. சிரித்துச் சிரித்துப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான். நம்மாளும் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வர. அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று அவனுக்கே தெரியாது.

"பசிக்குதுடா" என்றான் மௌனசாமி கடைசியில். "சாப்பிட்டுட்டுப் போறேன்."

இருவரும் இறங்கிப் போய்த் தொட்டிக்குப் பக்கத்து மேசையில், தண்ணீர் தெறிக்கிற இடத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார்கள். கண்ணாடி போட்ட புதுப்பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"இங்க உக்காரலாமா? எனக்குக் கூட்டம்னாலே ஆகாது. உங்களுக்கும் அப்படித்தானே?"

நம்மாளின் தலை பாதி ஆடிவிட்டது. பெரும்பாடுபட்டு அதை நிறுத்தினான்.

"இல்லப்பா. எனக்குக் கூட்டம்னா உயிர்" என்றான். "ஆனா நீ உக்காரு."

மௌனசாமியின் பெட்டி அன்று சாயங்காலமே கட்டிலுக்கடியில் போய்விட்டது.

நீங்கள் இதைப் படித்துவிட்டு, நல்லவேளை நாம் இந்த ரகம் இல்லை என்று சாய்ந்து உட்காருகிறீர்கள். சந்தோஷம். போன வாரம் உங்கள் மேலதிகாரி ஒரு புத்தகத்தைப் புகழ்ந்தாரே, "ஆமா சார், அந்தக் கடைசி அத்தியாயம்!" என்று உருகினீர்களே; அட்டை என்ன நிறம் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள், போதும்.