தம்பிக்கு எடுத்த அளவு

என் தொப்பைக்கு நான் பொறுப்பல்ல என்பதை விஞ்ஞானபூர்வமாக நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்தேன். வேறு வழியில்லை. 'சர்க்கரை எட்டிப் பார்க்குது, தினமும் காலையில நடங்க' என்று டாக்டர் சொன்னதிலிருந்து, விடியுமுன்பே என் போர்வையை உருவ ஆரம்பித்திருந்தாள் மனைவி.

"இங்க பாரு, இது மரபணு. எங்கப்பாவுக்கும் இதே தொப்பை, இதே சர்க்கரை. நடந்தா பரம்பரை மாறிடுமா?"

"மரபணுன்னா?"

"ஜீன்ஸ்."

"இந்த இடுப்புக்கு எந்த ஜீன்ஸும் ஏறாதுங்க. எழுந்திருங்க."

ஒரு தையல்காரனிடம் பேசுகிற பேச்சா இது?

ஆனால் அவள் குரலில் முழுக்கக் கிண்டல் இல்லை. அப்பா என் இப்போதைய வயதைத் தாண்டவில்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டு நானும் அதைத்தான் யோசிப்பேன். வரப்போவது உள்ளேயே எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் பயம்தான். ஒரு சௌகரியமும் உண்டு. எழுதி முடித்ததற்கு எதற்கு நடப்பது?

"தம்பியைப் பார்த்து எவ்வளவு வருஷமாச்சு! எப்படி இருக்காரோ," என்று அன்று டீ கொடுக்கும்போது அவள் பெருமூச்சு விட்டாள்.

எனக்குள் பளிச்சென்றது. தம்பி! சும்மா தம்பி இல்லை. ஒரே கருவாக இருந்து இரண்டாகப் பிரிந்தவர்கள் நாங்கள். முந்திக்கொண்டு வெளியே வந்ததால் நான் அண்ணன். அவன் வெளியூரில் இருக்கிறான். எங்களுக்குள் ஃபோன் பேச்சு மட்டும்தான்.

"அவனுக்கும் எனக்கும் மரபணு ஒண்ணு. வரச் சொல்லு. அவனுக்கும் தொப்பை இருந்தா, இனிமே நீ என் போர்வையைத் தொடக் கூடாது."

"இல்லேன்னா?"

"சாகிற வரைக்கும் தினம் நடக்கறேன்."

"அப்படி நடந்தா அது சீக்கிரம் வராதுங்க," என்றாள்.

உடனே ஃபோனை எடுத்துப் பேசினாள். "வராராம். உங்க கையால ஒரு சட்டை வேணுமாம்."

"அளவு?"

"உங்களுக்குத் தெரியாத அளவா?"

அதுவும் சரிதான். தம்பிக்குத் தைப்பதென்றால் நாடாவை என் மேலேயே சுற்றிக்கொள்வதுதான் வழக்கம். தாராளமாகத் துணி வெட்டி, ரசித்துத் தைத்தேன்.

வந்தான். கதவைத் திறந்தால் நானே நிற்கிறேன். அதே வழுக்கை, அதே மூக்கு, அதே மடங்கின காது. கழுத்துக்குக் கீழே மட்டும், எங்கள் கல்யாணப் போட்டோவில் இருக்கும் நான்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளேன். வாசல் முழுக்க நீயே நிக்கறே."

அவன் தபால்காரன். நாள் முழுக்கத் தெருத்தெருவாக நடக்கிறவன். விஞ்ஞானத்தில் மூழ்கியிருந்த எனக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவே இல்லை.

சட்டையைப் போட்டுக்கொண்டான். தோள் கச்சிதம். கை கச்சிதம். வயிற்றுப் பக்கம் மட்டும் இன்னொரு ஆள் குடியேறலாம். தொங்கின துணியை மனைவி பின்னாலிருந்து கை நிறைய அள்ளிப் பிடித்தாள்.

"தோள், கை எல்லாம் மரபணு. ஒத்துக்கறேன். இந்தக் கைப்பிடி யாருதுங்க?"

நான் விடுவேனா? "சூழல்! என் சூழல் யாரு? நீ. உன் சமையல், உன் உபசாரம். அப்போ தொப்பை உன்னோடது!"

"ஆமாங்க. தப்பு என்மேலதான்."

தாலி கட்டிய நாளிலிருந்து அவள் சொல்லாத வார்த்தை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"அதான் சூழலை மாத்திட்டேன். தம்பி ஒரு மாசம் இங்கதான். காலையில உங்களை எழுப்பிக் கூட்டிட்டுப் போவார்."

"ஒரு மாசமா? லீவு?"

தம்பி விட்டத்தைப் பார்த்தான். "அது போன மாசமே எழுதிக் கொடுத்துட்டேன் அண்ணே. அண்ணி கேட்டாங்க."

போன மாசம்! பந்தயம் கட்டியதே போன வாரம்தான். என் மூளையில் பளிச்சென்றதற்கு சுவிட்ச் எங்கே இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் மலைப்புத்தான் வந்தது. இத்தனை திட்டமும் என்னை இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளத்தானே?

"அப்போ வழுக்கை?" என்றேன், கௌரவத்துக்காக.

"அதுக்கு என்னிக்காவது உங்களை எழுப்பியிருக்கேனா? மாத்த முடியாததோட நான் சண்டை போடறதில்லைங்க."

தம்பி சட்டையைக் கழற்றி நீட்டினான். "எனக்கு எதுக்கு அண்ணே? அண்ணிதான் கேக்கச் சொன்னாங்க."

அவள் அதை வாங்கி என் தையல் மிஷின்மேல் வைத்தாள். "தம்பி உடம்புக்கு அளவெடுத்து, இதைப் பிடிச்சுத் தைச்சிடுங்க."

"அவனுக்குத்தான் வேண்டாமாமே?"

"அவருக்குன்னு யார் சொன்னா? உங்களுக்குங்க."