இத்தாலி நாற்காலி

ஐரோப்பிய நாகரிகம் கடல் தாண்டி, பல துறைமுகங்களில் இளைப்பாறி, கடைசியாக வந்து சேர்ந்த இடம் காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மயில்வாகனம் ஓட்டல். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. சரித்திர ஆசிரியர்கள் இதைக் குறித்துவைக்காதது அவர்களுடைய குறை.

முதலாளி மயில்வாகனம் சென்னை சலூன் ஒன்றில் பழைய பத்திரிகையைப் புரட்டியபோது ஞானம் பெற்றார். பிரான்சு, இத்தாலி தேசத்துப் பட்டிக்காடுகளில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். ஒரு பதார்த்தம் முடிந்து நெடுநேரம் கழித்தே அடுத்தது வருமாம்.

ஊருக்கு வந்ததும் நேரே சமையற்கட்டுக்குப் போனார்.

"சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவுல முக்கால் மணி ஆவுதுன்னு ஜனங்க திட்டிக்கினு இருந்தாங்களே, தில்லைமா. அது தாமதம் இல்ல. பிரெஞ்சு முறை."

தில்லையம்மாள் அங்கே பதினோரு வருஷமாக நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்கிறாள்தான். அந்தச் சமையற்கட்டில் உட்கார ஒரு மணைகூடக் கிடையாது.

"இன்னொரு ஆள் போட்டா சீக்கிரம் ஆவும், மொதலாளி."

"சீக்கிரம் போட்டா அப்புறம் பட்டிக்காட்டு ஓட்டல்னு சொல்லுவாங்க" என்றார், ஐரோப்பியப் பட்டிக்காடுகளின் பக்தர்.

மேஜைக்கு விரிப்பு வந்தது. பட்டப்பகலில் மெழுகுவர்த்தி எரிந்தது. அந்த வேளையில்தான் நெசவாளர் சங்கச் செயலாளர் தனசேகரன் வந்து, இத்தாலியிலிருந்து ஒரு பட்டு வியாபாரி வெள்ளிக்கிழமை வருகிறார், மத்தியானச் சாப்பாடு இங்கேதான் என்றார்.

"அவர் ஊரு சாப்பாடே போட்டுடலாம்" என்ற மயில்வாகனம், தில்லையம்மாளிடம் திரும்பினார். "நூல் மாதிரி மாவு, மேல தக்காளியும் பூண்டும். நல்லா வந்துட்டா வாசல் பலகையில 'தலைமைச் சமையல் தில்லையம்மாள்'னு எழுதிடறேன். உனக்குன்னு ஒரு நாற்காலியும் உண்டு."

"நாற்காலியா?"

"நாலு கால் வெச்சது. ஆனா ஒண்ணு. நூல் உடையக் கூடாதுன்னு பத்திரிகையில கண்டிப்பா போட்டிருக்குது."

இதைப் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் பிறந்த ஒருத்தியிடம் சொல்லியிருக்கக் கூடாது. நூல் உடையக் கூடாது என்றால் அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே. மைதா மாவைப் பிசைந்து, தேய்த்து, நூலாக வெட்டி, தறிக்கான பாவு நூலை உலர்த்துவதுபோல் மூங்கில் கழிகளில் தொங்கவிட்டாள். ஒரு நூல் முடிந்த இடத்தில், சின்ன வயசில் பாவு பிணைத்த பழக்கத்தில், விரலில் விபூதியைத் தொட்டு அடுத்த நூலின் நுனியோடு சேர்த்து முறுக்கினாள். விடிவதற்குள் மொத்தமும் ஒரே நூல்.

வெள்ளிக்கிழமை இத்தாலிக்காரர் முள்கரண்டியைத் தூக்கினார். நூல் வந்தது. கையை உயர்த்தினார், இன்னும் வந்தது. எழுந்து நின்றார். ஜன்னல் வரை நடந்தார். தட்டு அப்படியே குறையாமல் இருந்தது.

"அவசரம் வேணாம்னு சொல்லுங்க" என்றார் மயில்வாகனம். "மூணு மணி நேரம் இருக்குது."

இத்தாலிக்காரர் ஒரு முடிச்சைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பட்டில் பிழைப்பவர் அல்லவா? இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். தனசேகரன் மொழிபெயர்த்தார்: "இப்படி ஒரு பிணைப்பை அவர் பார்த்ததே இல்லையாம். சமைச்சவரைக் கூப்பிடச் சொல்றார். அவங்க கிராமத்துல சமைச்சவங்களும் கூட உக்காந்து சாப்பிடுவாங்களாம்."

மயில்வாகனம் எதற்கும் தயாராக இருப்பவர். பரிமாறும் முனிசாமிக்கு மைதாப் பையில் தைத்த வெள்ளைத் தொப்பியை மாட்டி முன்னே தள்ளினார். "முசியே முனிசாமி. புதுச்சேரியில பிரெஞ்சு ட்ரெய்னிங்."

இத்தாலிக்காரர் நூலை இரண்டாகக் கிள்ளி, இரு நுனிகளையும் முனிசாமியிடம் நீட்டினார்.

முனிசாமி இரண்டையும் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். "இது மிஷின்ல பண்றது, சார்" என்றான். பிறகு, மனசாட்சியோ பயமோ, சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "தில்லக்கா, கொஞ்சம் வாக்கா" என்றான்.

தில்லையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நெற்றியில் இருந்த விபூதியைத் தொட்டாள். ஒரு முறுக்கு. நூல் சேர்ந்துவிட்டது.

இத்தாலிக்காரர் தம் நாற்காலியை இழுத்து அவள் பக்கம் திருப்பினார்.

"வேணாம் சொல்லுபா" என்று மயில்வாகனம் பல்லைக் கடித்துக்கொண்டு தனசேகரனிடம் சொன்னார். "கஸ்டமருங்க பாத்துக்கினு இருக்காங்க."

தனசேகரனுக்கு அதற்கு இங்கிலீஷ் வரவில்லை. தில்லையம்மாள் உட்கார்ந்தாள்.

யாராவது உட்கார்ந்தால் முனிசாமியின் கை தானாக ஓடும். அவள் முன்னால் தட்டை வைத்து, "இன்னா வேணும்கா?" என்றான்.

பதினோரு வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சற்று யோசித்தாள்.

"சோறு. சூடா இருக்குதா?"

இருந்தது. அவள்தானே வடித்திருந்தாள். மூன்று மணி நேரம் ஆகவில்லை. கால் மணியில் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மயில்வாகனம் வாக்குத் தவறாதவர். அடுத்த வாரமே வாசலில் பலகை ஏறியது: "தலைமைச் சமையல்: முசியே முனிசாமி." நாற்காலியும் கிடைத்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, மாலை போட்டு, இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டி, "இத்தாலிய விருந்தினர் அமர்ந்த நாற்காலி. உட்காராதீர்" என்று அட்டை தொங்கவிட்டார்.

"மொதலாளி, அதுல கடைசியா உக்காந்தது நானு" என்றாள் தில்லையம்மாள்.

"அதுக்குத்தாம்மா கயிறு."