குடல்சித்தரும் ஒரு கோப்பைச் சாயமும்

அந்த ஞாயிற்றுக்கிழமை பசறையிலிருந்து மலையேறிய பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. கோயில் திருவிழாவா? இல்லை. தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் கூட்டிவிட்டார்களா? அதற்கெல்லாம் யாரய்யா காத்திருப்பது! தோட்டத்தின் மேல்பிரிவில் குடல்சித்தர் எழுந்தருளியிருக்கிறார்.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில்தான் அவருடைய தர்பார். பூனாகலையிலிருந்து வந்தார்கள், கொஸ்லந்தயிலிருந்து வந்தார்கள். பசறை டவுன் முதலாளிமார் சிலரும் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வயிற்றெரிச்சலுக்கு மதம் கிடையாது. ஏமாறுவதற்கும் கிடையாது.

சித்தரின் நோட்டீஸ் சொன்னது இதுதான்: சீனி, பிரஷர், வாதம் என்று வருடக்கணக்காக மாத்திரை விழுங்குகிறீர்களே, அதெல்லாம் எங்கே போகிறது? குடலில் ஒட்டிப் பாறையாகிறது! சித்தர் மூங்கில் குழாயை வயிற்றில் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவார். வெட்டு இல்லை, தையல் இல்லை, கட்டணமும் இல்லை, உண்டியலில் போட்டால் போதும். மூளையும் தேவையில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நோட்டீஸ் நிறைவாக இருந்திருக்கும்.

வரிசையில் பன்னிரண்டாவது ஆளாக நின்றாள் தனலெட்சுமி. ஏழு வருடமாகக் கைமூட்டு வாதத்துக்குக் கிளினிக் மாத்திரை போடுகிறவள். மூன்று வருடமாக வயிறு எரிகிறது, உப்புகிறது, எதைத் தின்றாலும் நெஞ்சுக்கு ஏறுகிறது. அவளைப் பதிந்துவைத்தது அவளுடைய புருஷன் கணபதி. கணபதி, பறித்த கொழுந்தைச் சரிபார்த்து எடை போடும் கங்காணி. சித்தரின் முதல் சிஷ்யன் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவன்.

"எனக்கே எடுத்தாருடி! நெல்லிக்கா அளவு!" என்று இரண்டு கிழமைக்கு முன்பு வீட்டுக்கு வந்து குதித்தான்.

"நீங்க ஆயுசுல ஒரு தலவலி மாத்திரகூடப் போட்டதில்லையே. ஒங்க வயித்துல எப்படிங்க வந்துச்சு?"

கணபதி கொஞ்ச நேரம் யோசித்தான். அவனுக்கு அது பழக்கமில்லாத வேலை. "நீ போட்டது காத்துல வந்திருக்கும்" என்றான்.

தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிக்க முடியவில்லை. வயிற்றிலிருந்து எடுத்தபின் மாத்திரைப் பையைச் சித்தரின் நெருப்புச் சட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். இரண்டு வருடத்துக்கு முன்பு எரிச்சல் தாங்காமல் ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தவள் அவள். விரல் பத்தும் மடங்கிக்கொண்டன. கொழுந்து பறிப்பது இருக்கட்டும், தன் ரவிக்கைக் கொக்கியைக்கூடப் போட முடியாமல் அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். அந்த வெட்கம் அவளுக்கு மறக்கவில்லை.

அதனால் முந்தின நாள் சனிக்கிழமை, பசறையில் உள்ள மருந்துக் கடைக்குப் போனாள். அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் ரிஸ்காவிடம் மாத்திரைப் பைகளைக் காட்டி, வயிறு படும் பாட்டைச் சொன்னாள்.

"குளிசைய எத்தன மணிக்குக் குடிக்கிறீங்க அக்கா?"

"விடிய அஞ்சு மணிக்கு, வெறும் தேயிலச் சாயத்தோட. பெரட்டுல ஆள் எண்ணுறதுக்குப் பிந்துனா அன்னைக்குப் பேர் போட மாட்டாங்க."

"சாப்பாடு?"

"பத்து மணிக்கு, மலையில. ரொட்டி."

ரிஸ்கா நெற்றியில் கைவைத்தாள். "பையில 'சாப்பாட்டுக்குப் பின்'னு எழுதியிருக்கே அக்கா!"

"அது சிங்களத்துல இருக்கு. அத வாசிக்கத் தெரிஞ்சா நான் ஏம்மா கூடை தூக்குறேன்?"

ரிஸ்கா ஒவ்வொரு பையிலும் தமிழில் எழுதிக் கொடுத்தாள். "வெறும் வயித்துல இந்தக் குளிசை போனா எரியத்தான் செய்யும். ரெண்டு வாய் ரொட்டியாவது தின்னுட்டுப் போடுங்க. நீங்களா நிப்பாட்டவே கூடாது. அடுத்த கிளினிக்ல டொக்டர்கிட்ட வயித்தக் காட்டுங்க, அதுக்கும் மருந்து இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க பெரியவாப்பா தாஸிம், சீனிக் குளிசைய அந்தக் குடல்சித்தர்ட நெருப்புல போட்டுட்டு வந்தாரு. இப்ப வார்ட்ல கெடக்காரு அக்கா. கால்ல புண் ஆறுதில்ல."

சித்தரின் நோட்டீஸில் தாஸிமின் கால் பற்றி ஒரு வரியும் இல்லை.

இப்போது வரிசையில் நின்ற தனலெட்சுமி கும்பிடவில்லை, பார்த்தாள். இருபது வருடம் கொழுந்து பறித்த கண். சித்தர் வாய் மூடாத மனிதர். வந்தவரையெல்லாம் அதட்டுவார், ஆசீர்வதிப்பார், அரசியலும் பேசுவார். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் பக்கத்திலிருந்த வேப்பிலைக் கட்டுக்குள் முகத்தைப் புதைத்து ஒரு நிமிடம் தியானிப்பார். நிமிர்ந்ததும் பேச்சு நின்றுவிடும். குழாயை வயிற்றில் வைத்து உறிஞ்சுவார். தூ! வெள்ளைத் தட்டில் கறுப்பு உருண்டை. கூட்டம் "அரோகரா!" என்று அலறும். சித்தருக்கு உடனே பேச்சு திரும்பிவிடும்.

நாலு பேர் வரை பார்த்தாள். ஐந்தாவது ஆளின் முறை வந்ததும், தன் இடத்தில் நிற்கும்படி கணபதியிடம் சொல்லிவிட்டு லயத்திலிருந்த வீட்டுக்கு நடந்தாள். அடுப்பை மூட்டினாள்.

அவள் முறை வந்தபோது கையில் ஆவி பறக்கும் சாயம் இருந்தது. மாத்திரைப் பையைச் சித்தரின் உதவியாள் முதலிலேயே வாங்கி, நெருப்புச் சட்டியின் ஓரத்தில் தயாராக வைத்தான். சித்தர் வேப்பிலைக்குள் முகம் புதைத்தார். தியானித்தார். நிமிர்ந்தார்.

"சாமி, காலையிலருந்து தொண்ட வரளப் பேசுறீங்க. ஒரு வாய் சாயம் குடிச்சிட்டு எடுங்க" என்று கோப்பையை நீட்டினாள்.

சித்தர் தலையை ஆட்டினார்.

"சாமி மௌனத்துல இருக்காரு" என்றான் உதவியாள்.

"மௌனம் பேச்சுக்குத்தானுங்களே? சாயத்துக்கு என்ன?"

தோட்டத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் சாயத்தை மறுத்தால் அந்த வீட்டோடு கோபம் என்று அர்த்தம். பக்தகோடிகளுக்கே பொறுக்கவில்லை. "குடிங்க சாமி! ஆசையாக் கொண்டாந்திருக்குல்ல!" என்றாள் ஒருத்தி. "எங்க கைத்தண்ணி ஆகாதோ?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "குடிங்க சாமி, குடிங்க!" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியது கணபதிதான்.

சித்தர் வேறு வழியில்லாமல் கோப்பையை வாங்கினார். இடது கன்னத்தை ஒதுக்கி, வலது பக்கமாக ஒரு மிடறு இழுத்தார். சாயம் கொதித்தது. கண் பிதுங்கியது. சித்தர் இருமினார், மறுபடி இருமினார். மூன்றாவது இருமலில் கோப்பைக்குள் 'ப்ளக்' என்று ஏதோ விழுந்தது.

கறுப்பு உருண்டை. நெல்லிக்காய் அளவு.

பிள்ளை மடுவமே எட்டிப் பார்த்தது. தனலெட்சுமிதான் பேசினாள்.

"கொழாய் இன்னும் என் வயித்துல படவே இல்லியே சாமி. என் மாத்திர ஒங்க வாய்க்குள்ள எப்படி வந்துச்சு?"

"சாமிக்கு இன்னைக்கு முன்கூட்டியே எறங்கிருச்சு" என்றான் உதவியாள், பாவம்.

ஒருவரும் கேட்கவில்லை. உருண்டை சாயத்தில் கரைந்துகொண்டிருந்தது. கணபதி விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தான். "கோதும மா! கருப்பட்டி வேற போட்டிருக்கான்!" அதற்குள் இரண்டு பெண்கள் வேப்பிலைக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே வாழையிலைச் சுருளில் இருபத்திமூன்று உருண்டைகள் வரிசையாக இருந்தன. அன்றைக்கு மீதி நின்ற நோயாளிகள் அத்தனை பேரின் குடலும் அங்கே முன்கூட்டியே உருட்டிவைக்கப்பட்டிருந்தது.

தனலெட்சுமி முதலில் செய்தது, சட்டி ஓரத்திலிருந்த தன் மாத்திரைப் பையை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டதுதான். அவள் நிமிர்ந்தபோது சித்தர் ஓட்டோவில் பாதி மலை இறங்கியிருந்தார். மூங்கில் குழாயை விட்டுப் போனார். உண்டியலை மறக்கவில்லை, அவ்வளவு ஞானம் அவருக்கு இருந்தது.

காலையில் மாத்திரையை எரித்தவர்கள் குச்சியால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் கருகிய அட்டை ஒன்றை எடுத்து, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதைப் பார்க்கத் தனலெட்சுமிக்கு வயிறு எரிந்தது. இந்த எரிச்சல் மாத்திரையால் வந்ததல்ல. "நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கய்யா. எரிச்சுட்டேன்னு நேராச் சொல்லுங்க, திட்டிட்டுக் குடுப்பாங்க" என்றாள்.

மறுநாள் விடிய நாலரைக்குக் கணபதி தன் கையால் ரொட்டி சுட்டான். ஒரு பக்கம் கருகியிருந்தது. அவள் தின்றாள், மாத்திரையைப் போட்டாள், தண்ணீர் குடித்தாள்.

"அத்தன பேரு இருந்தோம். எனக்குக்கூட ஏன்டி தெரியல?" என்றான் அவன், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

தனலெட்சுமி கூடையைத் தூக்கி மாட்டினாள்.

"கூட நெறையக் கொழுந்துல ஒரு முத்தல் எல கெடந்தாக்கூட கண்டுபிடிச்சு எங்க எடையில வெட்டுற கண்ணுங்க அது. அந்தாளு கன்னத்துல இருந்த உருண்ட மட்டும் தெரியாமப் போச்சாக்கும்? கும்புடுறப்ப கண்ண மூடுங்க, வேண்டாங்கல. உண்டியல்ல காசு போடுறப்பயாவது தொறந்து வைங்க!"