வெட்டிய காலணா

பாப்பிரெட்டிப்பட்டி,
12-2-1939

மகா ராஜ ராஜ ஸ்ரீ மொரப்பூர் மச்சான் மாரியப்பன் அவர்களுக்கு, கோவிந்தன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் க்ஷேமம் என்று எழுதுவது வழக்கம், ஆகையால் எழுதினேன். தங்கள் தங்கை சின்னக்கா கோபித்துக்கொண்டு அங்கே வந்து இன்றோடு நாற்பது நாள். இதை அவளுக்குப் படித்துக் காட்டி, வண்டி கட்டி அனுப்பிவைக்கவும்.

குற்றம் என்னுடையதுதான். பக்கத்து வீட்டு மாதையனுடைய எருமை என் புளியமர நிழலில் படுக்கிறதே என்று மரத்தையே வெட்டினேன். இப்போது வெயிலில் வேகிறது என் வீடுதான். தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்று சின்னக்கா அன்றே சொன்னாள். பதிலுக்கு அவன் தினமும் காலையில் என் வாசலில் முள் போட்டான். நான் காளி கோயிலுக்குப் போய், மாதையன் விளங்கக் கூடாது என்று காலணாவை வெட்டிப் போட்டேன். வெட்டினவனும் பட்டவனும் சேர்ந்து போய்த் துண்டுகளை எடுத்தால்தான் சாபம் தீரும், இல்லாவிட்டால் இரண்டு வீட்டையும் பிடிக்கும் என்று பூசாரி பிறகுதான் சொன்னான். அதற்குள் மாதையன் படுத்துவிட்டான், என் மாட்டுக்கு மடி வற்றிவிட்டது. சின்னக்கா அழுததால் நானே அவன் கட்டிலருகே போய், வா, எடுத்துவிடலாம் என்று கெஞ்சினேன். அவன் சிரித்தான். "எடுத்தா நா பொழச்சுக்குவேன், நீயும் பொழச்சுக்குவியே. அதுக்கு நா செத்தே போறேன்டா" என்றான். சொன்னபடி மூன்றாம் நாள் செத்தும் போனான். அன்றைக்கே சின்னக்கா மூட்டை கட்டினாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மாதையன் வீடு பூட்டிக் கிடக்கிறது, மகன் மாது அரூரில் இருக்கிறான். ஆனாலும் காலையில் என் வாசலில் முள் கிடக்கிறது. பச்சை முள். நானும் பழக்க தோஷத்தில் அதை வேலிக்கு அந்தப் பக்கம் வீசுகிறேன். செத்தவனுக்கு முள் குத்துமா என்று கேட்காதீர்கள். நேற்று வீசியபோது அந்தப் பக்கம் யாரோ 'ஸ்' என்றார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். இனி யாரிடமும் வீம்பு வைக்கமாட்டேன், இது காளி மேல் ஆணை. அவளை அனுப்பவும்.

வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தீர்த்தமலையான் எல்லோரையும் காக்கட்டும், முதலில் என்னை.

இப்படிக்கு,
கோவிந்தன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மாது வந்தான். "எங்கப்பன் வீம்பு அவரோட போவட்டுங்க மாமா. அவருக்குப் பதிலா நா வரலாம்னு பூசாரி சொல்றாருங்க. எம் புள்ளைக்குக் காய்ச்ச வுடமாட்டேங்குது, வாங்க, எடுத்துரலாம்" என்று என் கையைப் பிடித்தான். அப்படியே அப்பன் முகம். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனதைப் பார்த்ததும் நாற்பது நாளில் முதல் முறையாக வயிறு குளிர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சின்னக்கா அங்கேயே இருக்கட்டும்.