ஸ்டாண்டு டயரில் பாஸான டீசல் கார்

திருத்தங்கல்,
17 ஆகஸ்ட் 1963.

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ராஜசிங்குக்கு அக்காள் ஞானதீபம் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் இவ்விடம் நான் சுகம்; வலது முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. அதற்குக் காரணம் நீ வாங்க நினைக்கும் கார். அவ்விடம் உன் மனைவி ஞானபூரணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அவளைக் கோவிலுக்குக் காரில் அழைத்துப் போக வேண்டும் என்ற உன் எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெறும்போது கைக்கு வந்ததை மொத்தமாக ஒரு கிழட்டு டீசல் காரில் போடப் பார்க்கிறாயே, அதைத்தான் சொல்கிறேன். "அக்கா, நீங்கள் கான்வென்டில் படித்தவர்கள், காரின் பழைய சீட்டுகளை எல்லாம் வாசித்துப் பார்த்து, திருப்தியானால் முன்பணத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தாய். வாசித்தேன். பணம் என் வேதாகமத்துக்குள் அப்படியே இருக்கிறது, அங்கேயே இருக்கும்.

அதோடு, கார் கைக்கு வரும் முன்னே திருநெல்வேலியில் மலிவாகக் கிடைத்தது என்று நாலு புது டயர் வாங்கி வைத்திருக்கிறாயாமே! பெண் பார்க்கப் போகும்போதே தொட்டில் வாங்கிக்கொண்டு போகிறவன் உலகத்தில் நீ ஒருவன்தான். கடிதம் கண்டதும் அவற்றைக் கடையில் திருப்பிக் கொடு.

இனிக் காரைப் பற்றி. சிவகாசி டாக்ஸி ஸ்டாண்டில் இருக்கும் தங்கச்சாமியின் வண்டி அது. ஒரு காலத்தில் சீமையிலிருந்து வந்த பெட்ரோல் கார். செலவு குறையும் என்று யாரோ அதன் வயிற்றைக் கிழித்து டீசல் எஞ்சினை வைத்துத் தைத்திருக்கிறார்கள். டாக்ஸியானதால் வருஷா வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, ஓடத் தகுதியானது என்று எப்.சி. சீட்டுக் கொடுத்தால்தான் ரோட்டில் ஓடலாம். அந்தச் சீட்டுகளை எல்லாம் தங்கச்சாமி ஒரு பூச்சட்டி மத்தாப்பு டப்பாவுக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, "ஒரு வருசங்கூட பெயிலாகல, பாத்துக்கிடுங்க" என்று பெருமையோடு என் மேசையில் விரித்தார். உண்மைதான். பிரேக் நன்று, ஹாரன் நன்று, விளக்கு நன்று. எங்கள் மதர் சுப்பீரியர் சொல்வார்கள், எல்லாப் பாடத்திலும் எல்லா வருஷமும் நூறு வாங்குகிற பெண்ணின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தேன். போன வருஷம் டயர் புதிது. அதற்கு முந்தின வருஷமும் புதிது. இந்த வருஷம் மிகவும் புதிது! வாசலில் போய்ப் பார்த்தால் நாலு டயரும் உரித்த வெங்காயம் போல வழுவழு என்று இருக்கின்றன.

"தங்கச்சாமி, சீட்டில் இருக்கிற டயர் எங்கே?" என்றேன்.

"அது சம்முகவேல் அண்ணாச்சி வண்டில கெடக்கும்மா. இந்த வாரம் அவருக்கு எப்.சி."

"ஹாரன்?"

"அதுவும் அவருகிட்டதான். பேட்டரியும்."

"உங்களுடையதை ஏன் அவரிடம் கொடுத்தீர்கள்?"

"என்னோடதுன்னு யார் சொன்னா? ஸ்டாண்டுல எல்லாரும் சேந்து வாங்கிப்போட்ட சாமான்ம்மா. யாருக்கு எப்.சி.யோ அவுக வண்டில மாட்டிக்கிடுவோம். முடிஞ்சதும் கழத்தி அடுத்த ஆளுக்கு."

"அப்படியானால் வருஷா வருஷம் பாஸானது எந்த வண்டி?"

அந்த மனிதர் கொஞ்சமும் கூசாமல், "ஸ்டாண்டு வண்டிம்மா" என்றார். "இதுக்குப் பேருதான் ஒத்துமை."

"இதற்குப் பெயர் இரவல்" என்றேன்.

"ஏம்மா, இரவல் நகை போட்டுக் கலியாணம் முடிச்சா தாலி செல்லாதா?" என்று கேட்கிறார்! சொல்லத் தகாததற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது என்பது நான் பெற்ற வளர்ப்பு.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கண்ணால் காணாமல் தீர்ப்புச் சொன்னால் நீ நாளைக்கு ஒரு சொல் சொல்லுவாய் என்று, ஓட்டிக் காட்டச் சொல்லி ஏறி உட்கார்ந்தேன். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நாலு பேர் தள்ளிய பிறகுதான் புறப்பட்டது. காலுக்கடியில் ஏதோ இடித்தது; குனிந்து பார்த்தால் அம்மிக்கல்லில் பாதி. "அதான் கைப்பிரேக்கு. நிறுத்தினதும் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கணும்" என்றார். கால்பிரேக் எப்படி என்றேன். "நாலு மிதி மிதிச்சாப் பிடிக்கும். அஞ்சாவது மிதி வேண்டவே வேண்டாம்" என்றார். எதிரே மாட்டுவண்டி வந்தபோது கழுத்தை வெளியே நீட்டி, "ஒத்து, ஒத்து, ஹாரன் இல்ல!" என்று கத்தினார். பின்னால் எழும்பிய புகையில் திருத்தங்கல் மறைந்தது, சிவகாசி மறைந்தது, என் வெள்ளைச் சேலையின் வெள்ளையும் மறைந்தது. ரோடு காலியாக இருக்கும் என்று நாரணாபுரம் பக்கம் திருப்பினாரே, அங்கேதான் அந்தக் காருக்கு உண்மையான எப்.சி. நடந்தது.

இது தீபாவளி சீசன். பட்டாசு ஆபீஸ்களில் ஆர்டர் நெருக்கடி. களமெல்லாம் வெடி காய்கிறது. தூரத்தில் நாங்கள் வருவதைக் கண்டதுமே ஒரு ஆபீஸ் வாட்ச்மேன், அய்யாதுரை என்று பெயராம், சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏலே தங்கச்சாமி! நிறுத்துலே! அந்தக் கொள்ளிவாய்ப் பிசாச இங்கன கொண்டாராதன்னு எம்புட்டுத் தடவ சொல்லியிருக்கேன்! கொழாயில பொறி பறக்குது, அங்கன வெடி காயுதுலே!"

திரும்பிப் பார்த்தேன். தம்பி, நான் பொய் சொல்வதில்லை. புகைக்குழாயிலிருந்து மத்தாப்புப் போலப் பொறி வந்துகொண்டிருந்தது. தங்கச்சாமி ஒன்று, இரண்டு, மூன்று என்று மிதித்தார். நாலாவது மிதிக்குள், தீ பிடித்தால் போடுவதற்கென்று ரோட்டோரம் குவித்திருந்த மணலில் கார் மூக்கைப் புதைத்து நின்றது. முழங்கை அங்கே போனதுதான். அய்யாதுரை இரண்டு வாளி மணலை அள்ளிக் குழாயில் கொட்டிவிட்டு, என்னைப் பார்த்து, "நீங்க படிச்ச அம்மா மாதிரி இருக்கீக, இதுல போய் ஏறியிருக்கீகளே" என்றார். மேலதிகாரியின் கையெழுத்தில்லாத தீர்ப்பு. ஆனால் நான் வாசித்த அத்தனை சீட்டிலும் இதைவிட நேர்மையான வாசகம் இல்லை.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் பஸ் வந்து நிற்கிறது. அதன் ஜன்னலில் யார் தலை? எங்கள் பெண்கள் சங்கத்துக் காரியதரிசி கனகமணி. நான் தலைவியான நாளிலிருந்து அவளுக்கு வயிற்றெரிச்சல்தான். என் கரி படிந்த முகத்தைப் பார்த்து, பஸ் முழுவதும் கேட்கும்படி, "என்ன தீபக்கா, தீப்பெட்டி ஆபீஸுல வேலைக்குச் சேந்துட்டீகளா?" என்றாள். கண்டக்டர் சிரித்தான். உன் அத்தான் உயிரோடு இருந்தால் எனக்கு இந்தக் கதி வருமா?

ஆகையால் தம்பி, முடிவாக எழுதுகிறேன். அந்தக் கார் வேண்டாம். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். ஞானபூரணிக்கு மாட்டுவண்டி பேசு. மாட்டுக்கு யாரும் இரவல் கால் மாட்டுவதில்லை. தங்கச்சாமி சாயங்காலம் சீட்டுகளை வாங்கிப்போக வருகிறார். டப்பாவோடு திருப்பிக் கொடுத்துவிடுவேன். உன் பணம் மணியார்டரில் திரும்பி வரும். கர்த்தர் உனக்கும் ஞானபூரணிக்கும் நீடிய ஆயுளையும், உனக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் விவேகத்தையும் அருளிச்செய்வாராக.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அக்காள்,
ஞானதீபம்

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி உறைக்குள் போட்டுவிட்டுத் தங்கச்சாமிக்காக வாசலில் நின்றேன். குழாய் மணலைத் தட்டிவிட்டு அவர் காரோடு வந்த நேரமே கனகமணியும் சங்கத்துப் பெண்கள் இருவரும் வந்தார்கள். காரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ராசசிங் தம்பி கார் வாங்கப்போறாகன்னு கேள்விப்பட்டோம். எட்டலையோ? ரிட்டயரான வாத்தியாருக்கு எங்கக்கா எட்டும்? வருத்தப்படாதீக, ஜெபத்துல வச்சுக்கிடுதோம்" என்றாள். நம் குடும்பத்தை ஜெபத்தில் வைப்பதற்குக் கனகமணி யார்? உள்ளே போய் வேதாகமத்தை எடுத்துவந்து, அவள் கண் முன்னாலேயே முன்பணத்தைத் தங்கச்சாமி கையில் கொடுத்தேன். கார் உன்னுடையது. டயரைத் திருப்பிக் கொடுக்காதே. கடிதம் கண்டதும் பஸ்ஸில் மேலே போட்டு அனுப்பு. உன் பேருக்கு மாற்றவும் டாக்ஸிப் பதிவை நீக்கவும் வியாழக்கிழமை விருதுநகரில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வேண்டுமாம். ஹாரனையும் பேட்டரியையும் அன்று ஒருநாளைக்குச் சண்முகவேல் தருகிறேன் என்றிருக்கிறார். அதை இரவல் என்று ஞானபூரணியிடம் சொல்லிவிடாதே. ஒற்றுமை.