டிராகன் காலா, சிங்கக் காலா?

ஷாங்காயில் எங்கள் குடியிருப்பை இடிக்கும் முன், பழைய மரச்சாமான் வைத்திருப்போர் அனைவரும் பழம்பொருள் அலுவலகத்தின் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அசல் என்றால் அருங்காட்சியகத்துக்குப் போகும். போலி என்றால் வீட்டுக்காரரோடு போகலாம்.

என்னிடம் இருந்தது ஒன்றுதான். என் மனைவி லான்ஃபென் சீதனமாகக் கொண்டுவந்த, முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த மேஜை. மேலே பிளம் பூச்செதுக்கல், கீழே ஐரோப்பியப் பாணியில் வளைந்த கால்கள்; ஒவ்வொரு பாதமும் ஓர் உருண்டையை நகத்தால் பற்றியிருக்கும். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அந்தக் கண்ணாடியில்தான் இன்னும் தலை வாருகிறேன், வாருவதற்கு அதிகம் இல்லாவிட்டாலும்.

நாற்பது வருடமாக, வந்தவரிடமெல்லாம் "இருநூறு வருடப் பழசு" என்று பீற்றிக்கொண்ட நான், போலி என்று சத்தியம் செய்யத் தயாராகக் காத்திருந்தேன்.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். உள்நாட்டுப் பிரிவுக்குத் தாங், வெளிநாட்டுப் பிரிவுக்கு ஷென் அம்மாள்.

"இது டிராகன் கால். உருண்டை, முத்து. என் பிரிவு," என்றார் தாங்.

"நல்லாப் பாருங்க, சிங்கக் கால். உருண்டை, பந்து. என் பிரிவு," என்றார் ஷென்.

எந்த மிருகம் என்று தீர்க்க விரல்களை எண்ணினார்கள். மூன்று பாதங்களில் நான்கு, ஒன்றில் ஐந்து. இருவரும் தங்களுக்குச் சாதகமாகக் குறித்துக்கொண்டார்கள்.

"வீட்ல ரம்பம் இருக்கா, பெரியவரே?" என்றார் ஷென். "மேல் பாதி அவருக்கு, கீழ்ப் பாதி எனக்கு."

"ஐயையோ, இது போலிங்க! என் மாமனார் ஏமாத்திட்டார்!"

எழுதியும் கொடுத்தேன். இறந்துபோன மாமனார் ஆட்சேபிக்கவில்லை.

சரிபார்க்கத் தாங் மேஜையைக் கவிழ்த்தார். அடிப்பலகையில் தச்சன் பென்சிலால் எழுதியிருந்தான்: '1960 குளிர்காலம். அசலைக் கொடுத்து லான்ஃபென் அம்மா அரிசியும் கறியும் வாங்கினார். இது நான் செய்தது. ஐயாவுக்குத் தெரிய வேண்டாம்.'

அந்த வருடம், கால் ஆடுகிறது என்று மேஜையைப் பழுதுபார்க்க அனுப்பினாள் லான்ஃபென். பஞ்சத்தில் ஊரே பசித்திருக்க, என் தட்டில் மட்டும் வாரம் ஒரு நாள் பன்றிக்கறி விழுந்தது. தானியக் கிடங்கு எழுத்தர் என்ற என் பதவிக்குக் கிடைத்த மரியாதை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாப்பிட்டேன்.

"போலிதான்," என்று ஷென் முத்திரை குத்தி, காகிதத்தை நீட்டினார். வேண்டியது கிடைத்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்!

"யார் போலின்னு சொன்னது? அசலுங்க இது! அருங்காட்சியகத்தில வைக்க வேண்டிய சாமான்!"

தாங் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மெல்லப் பேசுங்க, பெரியவரே. அங்கே கண்ணாடிக்குள்ள வெச்சிருக்கறதுல ஒண்ணைக்கூட நாங்க இன்னும் கவுத்துப் பார்க்கல."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மேஜையைச் சத்தமில்லாமல் நிமிர்த்தி வைத்தோம்.