மிச்சக் கரண்டு

"மறுபடியும் ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க" என்றார் ஸ்டோர் கீப்பர், நடுச்சுவரில் காதை ஒட்டவைத்தபடி.

"யாரு, எதை?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி.

"வாஷிங் மெஷினை! நேத்தும் இதே நேரம். முந்தாநாளும் இதே நேரம். வெயில் உச்சிக்கு வந்தா போதும், அந்தப் பக்கம் கடகடன்னு ஆரம்பிச்சிடுது. சும்மாவா?"

"அழுக்குத் துணி இருக்கும். துவைக்கிறாங்க."

"நம்ம கரண்டுல துவைக்கிறாங்கடி!"

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது அவருடைய கூடப்பிறந்த அண்ணன். அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தபோது மாடிப்படி அண்ணன் பங்குக்குப் போய்விட்டது. அண்ணன் அதில் ஏறி மேலே ஒரு மாடியும் கட்டிக்கொண்டார். தம்பி தன் பக்கத்து மொட்டைமாடிக்கு இரும்பு ஏணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். சுவர் வைத்த அன்றைக்கே அவர் ஒரு சபதம் போட்டார். "இனிமே இந்தச் சுவரைத் தாண்டி இங்கேருந்து ஒரு தீக்குச்சி அங்க போகக்கூடாது. அங்கேருந்து ஒரு தீக்குச்சி இங்க வரக்கூடாது." பேச்சுவார்த்தையும் அதோடு நின்றது. அந்தச் சபதத்தைக் காப்பாற்றுவதில்தான் தன் மானமே இருப்பதாக அவர் நினைத்தார்.

தொழிற்சாலைக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட காலமெல்லாம் அவருக்குத் தெரியாமல் ஒரு ஆணிகூட வாசலைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும், சந்தேகப்பட ஆளில்லாமல் திண்டாடிப் போனார். சோலார் பேனல் வந்து அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது.

பொருத்திய புதிதில் வீடே குதூகலமாகத்தான் இருந்தது. கொளுத்தும் மத்தியானத்தில் யோசிக்காமல் ஃபேனைச் சுழலவிட்டு மனைவி கால் நீட்டிப் படுத்தாள். கீழ்த் தொட்டித் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றியது. எல்லாம் வெயில் கொடுத்த வரும்படி. ஆனால் மெக்கானிக், வேலை முடித்துச் சாமான்களைப் பைக்குள் போடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நீங்க செலவழிச்சது போக மிச்சம், தெருக் கம்பிக்குப் போயிடும் சார். அங்கேருந்து பக்கத்துல யாரு சுவிட்சைப் போடுறாங்களோ அவங்களுக்குப் போகும்."

"பக்கத்துலன்னா?"

மெக்கானிக் நடுச்சுவரைப் பார்த்தார். திருதிருவென்று முழித்தார். "பக்கத்துலதான் சார்."

அந்த முழி ஸ்டோர் கீப்பருக்குப் பிடிக்கவில்லை. ஆள் கிளம்பிப் போனதும் சுவரில் காதை வைத்தவர்தான்.

"மிச்சம் இருந்தாத்தானே போகும்? மிச்சமே வைக்கக் கூடாது" என்று முடிவெடுத்தார். வெயில் ஏறியதும் மோட்டாரைப் போட்டுவிட்டார். தொட்டி நிரம்பியது. நிரம்பிய பிறகும் நிறுத்தவில்லை. தண்ணீர் வழிந்து, சுவரோரமாக ஓடி, அடியிலிருந்த ஓட்டை வழியாக அண்ணன் வீட்டுத் தோட்டத்துக்குள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தது.

"ரொம்ப நன்றி கொழுந்தனாரே!" என்று சுவருக்கு மேலே அண்ணியின் குரல் கேட்டது. "கத்தரிச்செடி வாடிக் கிடந்துச்சு!"

ஸ்டோர் கீப்பருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஓட்டையைச் சிமெண்ட் பூசி அடைத்தார். மோட்டார் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி போதும் என்று மாற்றிக்கொண்டார். சட்டைகள் முடிந்து, துண்டுகள் முடிந்து, தரை துடைக்கும் துணிக்கும் மடிப்பு வைத்துத் தேய்த்தார்.

"அதை மட்டுமாவது விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி. "அதைப் பிழிஞ்சு தரையைத் துடைக்கவே கூசுது."

"கரண்டு அடுப்புல சமைக்கிறியா?"

"காலையிலேயே சமைச்சாச்சு."

"மறுபடியும் சமை."

மறுபடியும் சமைத்தாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. இருவர் இருக்கும் வீட்டில் பத்துப் பேருக்கான சோறு மலைபோல் குவிந்தது. ஆனால் இவர் சாப்பிட உட்காரும்போது பானை காலியாக இருந்தது. கிடங்கில் சரக்கு குறைந்தால் விடுகிற ஆளா அவர்? கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தார். மனைவி முக்காலியின் மேல் ஏறி, மூடி போட்ட பாத்திரத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வளையல் கைகள் அதை வாங்கிக்கொண்டன.

"கரண்டாவது கண்ணுக்குத் தெரியாமப் போச்சு! இது பாத்திரத்தோட போகுது!" என்று கத்தினார்.

"கெட்டுப் போனா தெருவுலதானே கொட்டணும்? அக்கா வீட்டுல நாலு பேர் இருக்காங்க." மனைவி இறங்கிவந்து இடுப்பில் கை வைத்தாள். "இதோ பாருங்க. இன்னொரு தடவை சமைச்சதுக்கு மேல சமைக்கச் சொன்னீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன். நீங்களும் உங்க கரண்டும் குடும்பம் நடத்துங்க."

வீட்டுக்குள்ளேயே அந்தப் பக்கத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்பது அவருக்கு உறுதியாயிற்று. அன்றைக்குத்தான் பின்பக்கச் சுவரில் மாட்டியிருந்த சோலார் மெஷினின் அருகே சிவப்புக் கைப்பிடி வைத்த சுவிட்ச் ஒன்று கண்ணில் பட்டது. அங்கிருந்து ஒரு தடித்த கம்பி வெளியே போனது. கிடங்குக்காரர் மூளை உடனே விழித்துக்கொண்டது. இதுதான் வெளிவாசல்! கைப்பிடியைக் கீழே இறக்கினார். மெஷினில் பச்சை விளக்கு அணைந்தது. ஒரு பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

உள்ளே வந்து பார்த்தால் ஃபேன் ஜாம் ஜாமென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? வாசலைச் சாத்தியாச்சு. சரக்கு மொத்தமும் உள்ளேயே நிக்குது!"

பெருமை அரை நாள் தாங்கவில்லை. வெளியே போக வழியில்லாத கரண்டு உள்ளே தேங்கித் தேங்கி வீங்கினால்? சுவரைத் தொட்டுப் பார்த்தார்; சூடாக இருந்தது. வெயில் பட்டால் எல்லாச் சுவரும் சூடாகத்தான் இருக்கும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. "வெடிச்சிடும்!" என்று அலறிக்கொண்டு ஓடி, ஃபேன், விளக்கு, அடுப்பு, கிரைண்டர், வெந்நீர்ப் பெட்டி என்று வீட்டிலிருந்த அத்தனை சுவிட்சையும் தட்டிவிட்டார். கிரைண்டர் வெறும் தண்ணீரை அரைத்தது. மனைவி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். இப்படியே ஒரு வாரம் ஓடியது.

அந்த வாரம் முழுக்க, வெயில் உச்சிக்கு வந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் தவறாமல் கடகடத்தது.

இதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. மெக்கானிக்கை வரவழைத்தார்.

"எங்கேயோ திருட்டுக் கம்பி ஓடுது. இன்னைக்கு அதைக் கண்டுபிடிச்சிட்டுத்தான் நீ போகணும். என் வீட்டுச் சொத்து ஒரு துளி அந்த மனுஷன் வீட்டுக்குப் போகக் கூடாது."

மெக்கானிக் பின்பக்கம் போனார். பூட்டைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"இதை யாரு சார் பூட்டினது?"

"நான்தான். போன வாரம்."

"இதை இறக்கினா மெஷின் தூங்கிடும் சார். பேனல்லேருந்து ஒண்ணும் இறங்காது. ஒரு வாரமா உங்க பேனல் சும்மா வெயில் காயுது."

"என்ன உளர்றே? ஃபேன் ஓடுது, அடுப்பு எரியுது, கிரைண்டர் சுத்துது!"

"அது தெருக் கம்பியிலேருந்து வர்ற கரண்டு சார்."

"தெருக் கம்பிக்கு எங்கேருந்து வருது?"

"பகல்ல... பக்கத்துல யாரு மிச்சம் விடுறாங்களோ, முதல்ல அவங்ககிட்டேருந்து."

"இந்தத் தெருவுல என்னைத் தவிர யாருய்யா பேனல் வச்சிருக்கான்?"

மெக்கானிக் ஓரடி பின்வாங்கினார். விரலை மட்டும் மெல்ல உயர்த்தி, நடுச்சுவருக்கு மேலே, அண்ணன் வீட்டு மாடியின் உச்சியைக் காட்டினார். "உங்களுக்கு முன்னாடியே போட்டாச்சு சார். நான்தான் போட்டேன். கீழேருந்து பார்த்தா தெரியாது. அதனாலதான் அவங்களும் உச்சி வெயில்ல துணி துவைக்கிறாங்க."

ஸ்டோர் கீப்பர் அண்ணாந்து மாடியைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். தீக்குச்சிகூட வரக்கூடாது என்ற வீட்டில் ஒரு வாரமாக அடுப்பு எரிந்திருக்கிறது. வாசலில் இருந்த மனைவி காதுப் பஞ்சை எடுத்துவிட்டு எழுந்து வந்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கும் தெரியவில்லை.

"ஏன்யா முன்னாடியே சொல்லலை?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"அவருதான் சொல்லக் கூடாதுன்னாரு சார். தெரிஞ்சா நீங்க மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு உக்காந்துடுவீங்களாம்."

"நம்ம வீட்டுக்குத்தான் போகுதுன்னு... அவனுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா?" என்றார் மெக்கானிக். "மிச்சம் யாரு வீட்டுக்குப் போகும்னு கேட்டாரு, உங்க தம்பி வீட்டுக்குத்தான் முதல்ல போகும்னேன், 'அப்படின்னா இன்னும் ரெண்டு பேனல் சேத்துப் போடுப்பா'ன்னாரு சார்."